எண்பது கலோரி

ஆபேல் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு ஆணி குறைந்தாலும் தேடி எடுக்காமல் விடமாட்டார். ஓய்வு பெற்று அருமனைக்கு வந்த வருஷமே சர்க்கரை நோய் என்று தெரிந்தது. சாப்பாட்டையும் அதே கண்டிப்போடு நடத்தத் தொடங்கினார். சோறும் கிழங்கும் நின்றன. காலையும் சாயங்காலமும், இடையில் பசிக்கும்போதும் பாக்கெட்டில் வாங்கிய சிறுதானியச் சத்துமாவுக் கஞ்சி. நாற்பது கிராமுக்கு எண்பது கலோரி, சர்க்கரை சேர்க்காதது, இனிப்புக்குக் கொஞ்சம் பேரீச்சை மட்டும் என்று பின்பக்கம் அச்சடித்திருந்தது. மாவைத் தராசில் நிறுத்து, செல்போனில் எண்பது என்று பதிந்துவிட்டுத்தான் ஸ்பூனைத் தொடுவார்.

ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை. மாத்திரை இரண்டானது, மூன்றானது, பிறகு ஊசி வந்தது. எடையும் ஏறியது. இவ்வளவு குறைத்துத் தின்கிற ஆளுக்கு எப்படி ஏறும் என்று மனைவி ரெஜிலாவுக்குச் சந்தேகம் விழுந்தது. அவர் குளிக்கப் போன நேரம் சட்டைப்பையைத் துழாவினாள். ஜங்ஷன் பேக்கரியில் விசாரித்தாள். சீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஆபேல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கஞ்சியைத் தவிர வேறு எதையும் தொடவில்லை என்று ஒரு தடவை சொன்னார்.

செருப்பு கடித்துக் கால் பெருவிரலில் வந்த புண் ஆறாமல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, ஆபேல் பக்கத்தில் இருக்கும்போதே ரெஜிலா சொன்னாள்.

“இவரு எனக்குத் தெரியாம எதையோ திங்காரு டாக்டர்.”

ஆபேல் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

விரலை எடுத்தார்கள். அங்கே இருந்த ஒன்பது நாளும் ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான், சர்க்கரை இறங்கியது. கண் முன்னால் வைத்திருந்தால் இறங்குகிறது பாருங்கள் என்றாள் நர்ஸ். ரெஜிலாவுக்கு அதுவே சாட்சியாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு ஆபேலால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. ரெஜிலா தன் தையல் கடையை அடைத்துவிட்டுக் கூடவே இருந்தாள். அவருக்குத் தெரியாமல் எதையும் கொண்டுவந்து கொடுக்க வெளியிலிருந்து யாரும் வரவில்லை. மாவை அவளே தராசில் நிறுத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் சர்க்கரை பார்க்கும் கருவி முன்னூற்றுப் பத்து காட்டியது. இன்னொரு விரலைக் குத்திப் பார்த்தாள். அதேதான். அடுக்களைக்குப் போய்ப் பாக்கெட்டை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றோடு கஞ்சியை நிறுத்தினாள். பிரிக்காத பாக்கெட் இரண்டைத் தன் அக்கா மகன் பிபினிடம் கொடுத்து, திருவனந்தபுரத்தில் ஒரு லேப்புக்கு அனுப்பினாள். முடிவு வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் புண் மேலே ஏறி, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

நாற்பது கிராமுக்கு நூற்று ஐம்பது கலோரி என்றிருந்தது லேப் தாளில். சிறுதானியம் பாதிகூட இல்லை. மற்றதெல்லாம் மைதாவும் சீனித்தூளும். ரெஜிலா கட்டிலருகே நின்று கடைசி வரி வரை வாசித்தாள்.

ஆபேல் கோபப்படவில்லை. “நான் சொன்னப்பம் நம்பேல்ல. இப்பம் காயிதம் சொன்னா நம்புதியா?” என்று மட்டும் கேட்டார்.

அவள் மறுநாளே தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். அவர் வாசித்துவிட்டு, கம்பெனி மேல் புகார் கொடுக்கச் சொன்னார்.

“அதுக்கு வரல்ல டாக்டர். அண்ணைக்கு நான் அவரப் பத்திச் சொன்னது பொய்யி. கேஸ் ஷீட்டுல எழுதினத அடிச்சு விடணும்.”

எழுதியதை அடிக்க முடியாது, வேண்டுமானால் கீழே ஒரு வரி சேர்க்கிறேன் என்றார் டாக்டர். சேர்த்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

பிறகு ரெஜிலா கொடுத்த புகாருக்குக் கம்பெனி பதில் எழுதியது. அச்சகத்தில் நேர்ந்த பிழையாம், திருத்திவிட்டார்களாம். ரெஜிலா அதையும் வாசித்துக் காட்டினாள். ஆபேல் கேட்டுவிட்டு, முகத்தில் வெயில் அடிக்கிறது, ஜன்னலைச் சாத்து என்றார். அவள் சாத்தினாள்.