அடுத்த தீபாவளிக்குள்

1.

“அச்சுக்குப் போறதுக்கு முன்னால எனக்குக் காட்டணும்.”

இந்தக் கதை பிறந்தது இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான், ஒப்புக்கொள்கிறேன். நிருபரிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஷாமினிக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். மலேசியாவில், சிரம்பானில் ஒரு தமிழ் நாளிதழின் கிளை அலுவலகத்தில், உட்காரச் சொல்லும் முன்பே அவள் அதைக் கேட்டுவிட்டாள்.

(முதலில் ‘ரந்தாவ் தோட்டத்தில் பனி விலகும் காலை...’ என்று தொடங்கியிருந்தேன். பனி கிடக்கட்டும். அவளுக்கு அவசரம்.)

2.

ஷாமினி குவாண்டம் ஆய்வகத்தில் உதவி ஆய்வாளர். அங்கே வைரத்துண்டின் மேல் பச்சை லேசரைப் பாய்ச்சி, பக்கத்துக் கம்பியில் ஓடும் மின்சாரத்தின் காந்தப்புலத்தை அளக்கிறார்கள். கம்பி. மனித இதயம் அல்ல. போன மாதம் ஆய்வகம் நிருபர்களுக்கு அரை நாள் வகுப்பு நடத்தியது: குவாண்டம் செய்தியை ஊதிப் பெருக்காமல் எழுதுவது எப்படி? தமிழில் நடத்தியவள் ஷாமினி. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டவர் வசந்தன்.

ஞாயிறு பேப்பரில் அவள் படத்தோடு அவர் எழுதியது: ‘இதய நோயைக் கண்டறியும் வைரம், அடுத்த தீபாவளிக்குள்! ரந்தாவ் தோட்டத்துப் பெண் சாதனை.’ அவள் ஊரான அந்தத் தோட்டத்து மண்டபத்தில் அதை லேமினேட் செய்து மாட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை பக்கத்து வீட்டு மயிலம்மாள் போன் செய்தார். வரும் வியாழக்கிழமை அவருக்கு ஆஞ்சியோகிராம்.

“போகல தாயி. கொழா விடாமலே பாக்குற மிஷினு நம்ம புள்ளையே செய்யுதாம்லா. நான் எதுக்கு அவசரப்படணும்?”

அப்படியொரு மிஷின் இல்லை பெரியம்மா என்று எவ்வளவோ சொன்னாள்.

“பேப்பர்லயே போட்டுட்டான். நீ என்ன, வெக்கப்படுற.”

இன்று செவ்வாய். ஆகவே பேப்பர்தான் திருத்த வேண்டும், நாளைக்குள். அந்தத் திருத்தத்தைத்தான் அச்சுக்கு முன்னால் காட்டச் சொன்னாள்.

3.

இங்கே வசந்தனை மடையனாக எழுதியிருந்தேன். தொப்பை, பல்குச்சி, குவாண்டம் என்றால் ஏதோ சத்து மாத்திரை என்று நினைத்து அவர்...

அடித்துவிட்டேன். எனக்கு அவர்மேல் கோபம், உண்மை. கோபம் ஆதாரமாகிவிடாது.

“பட்டம் வாங்குனா எங்களுக்கே எடிட்டரா, தங்கச்சி?” என்றார் வசந்தன்.

“தீபாவளின்னு நான் எப்பண்ணே சொன்னேன்?”

அவர் கைபேசியை எடுத்து, அன்றைய பதிவை ஓடவிட்டு மேசையில் வைத்தார். வகுப்பு முடிந்து தேநீர்க் கோப்பைகள் மோதும் சத்தம். இதயத்துக்கு எப்போ வரும் என்று அவர் குரல். பிறகு அவளுடைய குரல், சிரித்துக்கொண்டே: “அடுத்த தீபாவளிக்குள்ள கொண்டாந்துடுறேண்ணே, முறுக்கோட.”

“முறுக்க மட்டுந்தான் வெட்டுனேன்” என்றார் வசந்தன்.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: அன்று வெண்பலகையில் அவள் எழுதிய முதல் பாடம், ‘எப்போது என்று கேட்டால், ஆய்வாளரைத் தெரியாது என்று சொல்ல விடுங்கள்.’)

4.

“‘தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது’ன்னு ஒரு வரி போட்டுடலாம். ஒனக்கும் கெட்ட பேரு இல்ல, எனக்கும் இல்ல.”

யார் தவறாகப் புரிந்துகொண்டது? அந்த வரியில் ஆளே இல்லை. அவள் அவருடைய நோட்டை இழுத்து எழுதினாள்:

‘இந்தக் கருவி மனிதரிடம் ஒருமுறைகூடச் சோதிக்கப்படவில்லை. எப்போது வரும் என்று தெரியாது. தீபாவளி என்று சொன்னது நான்தான், விளையாட்டாக. இதை நம்பி யாரும் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். ஷாமினி, ரந்தாவ்.’

“லேப்ல கேக்காம பேரு போட்டா வேல போயிடும்லா.”

“தெரியும். ஞாயித்துக்கெழம போட்ட அதே எடத்துல, அதே படத்தோட போடுங்க.”

“அச்சுக்கு முன்னால காட்டணுமா?”

“வேணாம். ஒரு எழுத்த மாத்தாதீங்க, போதும்.”

5.

முடிவு. மயிலம்மாள் வியாழக்கிழமை போகிறார். மயிலம்மாள் போகவில்லை. நீங்கள் பார்க்கும்வரை இரண்டுமே உண்மை என்று எழுதக் கை பரபரக்கிறது; குவாண்டம் கதையென்றால் அப்படித்தான் முடிப்பார்கள். எழுதினால் ஷாமினி அடுத்து என்னிடம்தான் வருவாள். அதற்குப் பெயர் குவாண்டம் இல்லை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். பிடிவாதக்காரரான மயிலம்மாளை உங்களிடம் விடுகிறேன்.

எனக்குத் தெரிந்தது இது: ஷாமினி நாற்காலியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தாள்.

“எங்க, லேப்புக்கா?”

“மண்டபத்துக்கு. மாட்டுனத கழட்டி எடுத்துக்கிட்டுப் பெரியம்மா வீட்டுக்கு.”

“தங்கச்சி, ஒரு நிமிஷம்...”

அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.