வடக்குச் சுவருக்கு அடித்த வெள்ளை

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லின்ஃபீல்டில், மன்னாரிலிருந்து புலம்பெயர்ந்து வந்த டெஸ்மன், சறோஜா தம்பதியின் பின்வளவில் ஆயிரம் வருடப் பழைய ஆர்மேனியக் கோயில் ஒன்று நின்றது. கறுப்புக் கல், கூம்புக் கூரை, சுற்றிவரப் பன்னிரண்டு அப்போஸ்தலர். உடுப்புக் காயப்போடும் கம்பி மட்டும் அடியில் போயிருந்தது. அது முன்பு நின்ற எல்லை நகரத்தை மூன்று அரசுகள் மாறிமாறிப் பிடித்திருந்தன. அங்கே இப்போது வெறும் குழிதான் இருப்பதாகத் தொலைக்காட்சி காட்டியது. எல்லையின் இரு பக்கத்து நாடுகளும் மற்றது திருடியதாக அறிக்கை விட்டன. திருப்பித் தாருங்கள் என்று இரண்டில் எதுவும் கேட்கவில்லை. நகரசபையிலிருந்து வந்தவர் அளந்து பார்த்து, படிவத்தில் பொருத்தமான கட்டம் இல்லாததால் தோட்டக் கொட்டில் என்று எழுதிக்கொண்டு போனார்.

டெஸ்மனுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். பக்கத்து வீட்டுச் சைவக்காரர் கேதீஸ்வரனிடம், "உங்கட ஆக்கள் ஒரு கோபுரத்துக்குப் பத்து வருஷமாப் பெர்மிட் கேட்டு அலையினம். எங்கட கோயில் தானே நடந்து வந்திட்டுது, பாரும்" என்றார். "நடந்து வந்தது நடந்து போகவும் கூடும், கவனம் ஐசே" என்றார் கேதீஸ்வரன்.

ஜூனில் அந்தோனியார் திருநாள். மன்னாரில் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை ஊரே கூடிக் கோயிலுக்கு வெள்ளையடிக்கும். அப்படியே இங்கும் செய்தார்கள். டெஸ்மன் ஈஸ்ட் டாமாக்கி வேலைத்தலத்தில் மிஞ்சிய பெயின்ற் வாளிகளைக் கொண்டுவந்தார். வடக்குச் சுவரைச் சறோஜா எடுத்துக்கொண்டாள். கீறலும் கறையுமாக இருந்தது. இரண்டு பூச்சில் பளிச்சென்றாகிவிட்டது.

அடுத்த வாரம் ஹில்ஸ்பரோவிலிருந்து அனூஷ் என்றொரு ஆர்மேனியப் பல் வைத்தியர் வந்தாள். நூறு வருடத்துக்கு முன் ஊரைவிட்டு ஓடுமுன், கொல்லப்பட்ட தன் வீட்டார் பதினொரு பேரின் பெயர்களை அவளுடைய பூட்டன் வடக்குச் சுவரில் ஆணியால் கீறியிருந்தார். அந்தப் பெயர்கள் வேறெங்கும் இல்லை, அவளுக்கே தெரியாது. வெள்ளைச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அந்த நகரத்தைப் பிடித்தவர்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் செய்தார்கள்" என்றாள். குரல் உயரவில்லை.

சறோஜா இரண்டு நாள் சாப்பிடவில்லை. இராணுவம் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த அவளுடைய ஊர்க் கோயிலிலும், செத்தவர்களின் பெயர் வரிசை புது வெள்ளைக்குள் போயிருந்தது. அதில் அவள் தம்பி எமிலும் ஒருவன். அடித்தவனின் கை விளங்காமல் போகவேண்டுமென்று அன்று அவள் மண் அள்ளித் திட்டியிருந்தாள். ஆனால் அவளைத் திடுக்கிட வைத்தது அது அல்ல. ரோலரைத் தூக்கியபோதே அந்தக் கீறல்கள் எழுத்தாக இருக்கலாமென்று அவளுக்குத் தோன்றியிருந்தது. தன்னால் வாசிக்க முடியாததால் அழுக்கென்று முடிவெடுத்தாள். அந்த முடிவுக்கு ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை.

"விடப்பா, தெரியாமல் செய்தது" என்றார் டெஸ்மன்.

"தெரிஞ்சது" என்றாள்.

ஐந்து கிழமை, வேலை முடிந்து வந்ததும் சுரண்டினாள். வெள்ளை செதில்செதிலாக வந்தது. கீழே கல் வழவழவென்று கிடந்தது; பூச்சோடு கீறலும் போய்விட்டது. ஆறாம் கிழமை ரொட்டிக்கு மாக் குழைக்கும்போது, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலில் எழுத்துகள் தடித்து நிற்பதைக் கண்டாள். அவளுக்கு அவை வாசிக்கத் தெரியவில்லை. அனூஷுக்குப் படம் அனுப்பினாள். கால் மணித்தியாலத்தில் அனூஷ் வெள்ளை மேலங்கியோடேயே வந்து, வாசலில் நின்றபடி இரு கைகளையும் பிடித்து வாசித்தாள். பதினொன்றும் இருந்தன.

அன்றிரவு சறோஜா கண்ணாடி முன் எமிலைத் தேடினாள். முதுகில் தேடினாள், குதிகால் வரை தேடினாள். அவன் இல்லை.

அவள் வேலைசெய்யும் முதியோர் இல்லத்தில் கைகழுவும் விதி கடுமையானது. எழுத்து போகாததால் மேலாளர் அதைப் பச்சை குத்தியது என்று பதிந்துகொண்டார். கோயில் இன்னும் அங்கேதான் நிற்கிறது. வருடந்தோறும், ஆர்மேனியர் கொல்லப்பட்ட தம் ஆட்களை நினைக்கும் ஏப்ரல் இருபத்துநான்கில், அனூஷ் வருவாள். சறோஜா சட்டைக் கையை மடித்து, சமையலறை மேசையில் கைகளை நீட்டுவாள். கடைசிப் பெயரோடு கைக்குழந்தை என்றும் எழுதியிருக்கிறது. மணிக்கட்டின் உட்புறம், நாடி துடிக்கும் இடத்தில் இருக்கிறது. அதை வாசித்த பின் அனூஷ் விரலை எடுக்காமல் சற்று நேரம் வைத்திருப்பாள். பிறகு இருவரும் தேத்தண்ணி குடிப்பார்கள்.