கோடு விழுந்த படங்கள்

இருபத்திரண்டு வருஷமாகப் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் செய்த தப்பு இல்லை. எல்லாம் தெரிந்தவள் செய்த தப்பு. ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் பையிலிருந்து போனை எடுத்து ஒரு படம் எடுத்திருப்பேன். என் தங்கையும் தன் குழந்தையின் முகத்தைப் பார்த்திருப்பாள்.

எங்கள் ஸ்டுடியோ ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. முன்பக்கம் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு ஸ்டூலும் வெள்ளைத் திரையும். பின்பக்கம் பிரிண்டர். பிரிண்டர் என் வீட்டுக்காரர் பொறுப்பு, கேமரா என் பொறுப்பு. என் கேமராவை அவர் தொடக் கூடாது, அவருடைய மையை நான் தொடக் கூடாது. கல்யாணமான வருஷத்திலிருந்து இதுதான் எங்களுக்குள் சட்டம். மீறினால் வீடு ரெண்டுபடும்.

கேமரா ரெண்டு. ஒன்று ஒன்பது வருஷத்துப் பழைய காம்பேக்ட். உள்ளங்கைக்குள் அடங்கும். மூலையில் பெயிண்ட் உரிந்து, திரையில் ஒரு புள்ளி செத்துப்போய், ஜூம் செய்தால் முனகும். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால்கூட அதை இயக்குவேன். இன்னொன்று அப்போதுதான் ஆறு வாரம் முன்பு வாங்கிய மிரர்லெஸ். இருட்டிலும் பளிச்சென்று எடுக்கும். முகம் தெரிந்தால் ஒரு பச்சைக் கட்டம் போட்டு, கண் எங்கே என்று தானே தேடிப் பிடிக்கும். வாங்கிய புதிதில் தெருவில் ஒருத்தரை விடாமல் கூப்பிட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பழையதற்கு மாமியார் என்றும் புதியதற்கு மருமகள் என்றும் பேர் வைத்து, தினமும் கடை திறந்ததும், "இன்னிக்கு மாமியாரா, மருமகளா?" என்று கேட்டு என் வாயைக் கிளறுவார்.

அன்று மத்தியானம் ஒரு பெரியவரை ஸ்டூலில் உட்கார வைத்து, "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தங்கையின் கணவர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், எதையும் அளந்துதான் பேசுவார். அன்றைக்கும் அளந்துதான் பேசினார்.

"அக்கா, பொண்ணு. ஆனா உயிர் இல்லக்கா."

நான் பெரியவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் தாடையை இறக்கியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"உள்ளேயே ரெண்டு நாள் ஆகியிருக்குமாம். அதனால சாயங்காலத்துக்கு மேல வச்சிருக்க முடியாதுன்னுட்டாங்க. இவளுக்கு ரத்தம் நிறையப் போயிடுச்சு, மறுபடியும் உள்ள கொண்டு போயிருக்காங்க. கண்ணு முழிக்க ரெண்டு மூணு நாள் ஆகுமாம். முழிச்சு, புள்ள எங்கன்னு கேட்டா நான் என்னத்தக்கா காட்டுவேன்? நீங்க வந்து ஒரு படம் எடுங்க. நல்லா எடுங்க."

தங்கைக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அவள் எட்டு மாசமும் மாடி ஏறாமல், பஸ் ஏறாமல், மருந்துக்கடையில் பார்த்த வேலையையும் விட்டுவிட்டுப் பொத்திப் பொத்திச் சுமந்தாள்.

மேஜை மேல் ரெண்டு கேமராவும் இருந்தன. நான் புதியதை எடுத்துப் பையில் வைத்தேன். என் வீட்டுக்காரர் அன்றைக்கு மாமியார் மருமகள் என்றெல்லாம் சொல்லவில்லை.

"சின்னத எடுத்துட்டுப் போம்மா" என்றார். "ஆஸ்பத்திரி. உனக்கும் அது கை பழகினது."

"உங்களுக்கு என்ன தெரியும்? வெளிச்சம் கம்மியா இருந்தா அது பொரிபொரியா எடுக்கும். ஒரே ஒரு தடவைதான் எடுக்கப்போறேன். இருக்கிறதிலேயே நல்லதுல எடுக்க வேணாமா?"

"அப்ப ரெண்டையும் கொண்டு போ."

"நான் என்ன கல்யாண ஆர்டருக்கா போறேன், ரெண்டு கேமரா மாட்டிக்கிட்டு?" என்று கத்தினேன். ஸ்டூலில் இருந்த பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அந்த அறைக்கு ஜன்னலே இல்லை. ஒரு ஸ்டீல் மேஜை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு டியூப் லைட். மாப்பிள்ளை நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். நர்ஸ் என் கையிலிருந்த கேமராவைப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு நிமிஷம்மா. பக்கத்து ரூம்ல பிரசவமானவங்க இருக்காங்க, சத்தம் வேணாம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சத்தம் வேண்டாமாம். மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை.

எனக்கும் அந்த அறையில் டக் டக் என்று ஷட்டரைத் தட்ட மனசு வரவில்லை. சத்தமே இல்லாமல் எடுக்கிற வசதி புதியதில் உண்டு, அதைப் போட்டேன். படம் அசங்கிவிடக் கூடாதே என்று வேகத்தை நன்றாக ஏற்றினேன். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். கண்ணை வைத்துப் பார்த்ததும், அந்தச் சின்ன முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது. மூடியிருந்த இமை மேல் இன்னொரு சின்னக் கட்டம் போய் உட்கார்ந்தது. அதற்கு என்ன தெரியும், பாவம். உயிரோடு இருக்கிற எந்தக் குழந்தையையும் பிடிப்பது போலத்தான் இவளையும் பிடித்தது.

பதினோரு படம் எடுத்தேன். வழக்கமாக எடுத்தவுடன் கேமராவைத் திருப்பி, எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பேன். செத்த குழந்தையை மடியில் வைத்திருக்கிற தகப்பன் எதிரே நின்று, படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று உற்றுப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே பையில் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை குனிந்து குழந்தையின் காதில் ஏதோ சொன்னார். பிறகு நர்ஸ் கையில் கொடுத்தார். நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பதினோரு படத்திலும் குறுக்கே கறுப்புக் கோடு. ஒன்றில் நெற்றியில், ஒன்றில் கண்ணில், ஒன்றில் வாயில், ஒவ்வொன்றிலும் நாலைந்து பட்டை.

டியூப் லைட் நம் கண்ணுக்குத்தான் நின்று எரிகிற மாதிரி தெரியும். நிஜத்தில் ஒரு நொடிக்குள் நூறு தடவை மங்கி மங்கி எரிகிறது. சத்தமில்லாத ஷட்டர் படத்தை ஒரே அடியாக எடுக்காது, மேலிருந்து கீழே வரி வரியாகத்தான் எடுக்கும். விளக்கு மங்குகிற நேரத்தில் எடுத்த வரியெல்லாம் கறுத்துவிடும். வேகத்தை ஏற்ற ஏற்ற இன்னும் மோசம். எங்கள் தொழிலில் இது பாலபாடம். பழைய காம்பேக்டில் இந்த வில்லங்கமே கிடையாது, அதன் ஷட்டருக்குச் சத்தமும் கிடையாது. பொரிபொரியாகத்தான் வந்திருக்கும். வந்தால் என்ன? முழு முகமாக வந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"சொல்லுங்களேன், நான்தான் அப்பவே சொன்னேனேன்னு. சொல்லித் தொலைங்களேன்" என்றேன்.

"எழுந்து வந்து ரெண்டு வாய் சாப்பிடு" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தங்கை நாலாம் நாள் கண் விழித்தாள். ஆறாம் நாள்தான் என்னைப் பார்க்க விட்டார்கள். உதடெல்லாம் வெடித்து, முகம் வெளுத்துக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. கையைத்தான் நீட்டினாள்.

"படம் எடுத்தியாமே. காட்டுக்கா."

"பிரிண்ட் போட்டுக் கொண்டாறேன்டா. போன்ல பாத்தா நல்லாருக்காது."

"சீக்கிரம் போடு. ஊர்ல இருக்கிற புள்ளைங்களயெல்லாம் அழகழகா எடுக்கிறே, என் புள்ளய விட்டுருவியா நீ" என்று சொல்லி லேசாகச் சிரித்தாள். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டேன்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒன்பது நாள் அந்தப் படத்தோடு உட்கார்ந்தேன். கோடு படத்துக்குப் படம் இடம் மாறி விழுந்திருந்தது. அதனால் ஒன்றிலிருந்து நெற்றி, ஒன்றிலிருந்து கண், ஒன்றிலிருந்து மூக்கு என்று எடுத்து ஒட்டினேன். அதுவரைக்கும் எல்லாம் அவளுடையதுதான், சத்தியமாக. வாய்தான் அமையவில்லை. எட்டுப் படத்தில் வாய் மேல் பட்டை. வாயில் கோடு விழாத மூன்றிலும் துணி மேலே ஏறி உதட்டை மறைத்திருந்தது. இருட்டை நீக்கிப் பார்த்தால் மஞ்சள் திட்டுத்தான் வந்தது.

உதடு எப்படி இருந்தது என்று நினைவிலிருந்து வரைந்துவிடலாம் என்று பார்த்தேன். கால் மணி நேரம் அந்த முகத்தைத்தானே பார்த்துக்கொண்டு நின்றேன். நினைவு வரவில்லை. நான் பார்த்ததெல்லாம் இமை துல்லியமாக இருக்கிறதா, வெளிச்சம் போதுமா என்பதைத்தான். மாப்பிள்ளையைக் கேட்கலாம். கேட்டால், படம் கெட்டுப்போன கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் கடைக்குப் படம் எடுக்க வந்த நாற்பது நாள் குழந்தை ஒன்று, எடுக்க எடுக்கத் தூங்கிப்போனது. அந்தப் படம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதன் வாயை வெட்டி எடுத்து, சின்னதாக்கி, நிறத்தைக் குறைத்து, இவள் முகத்தில் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. என் கைவேலை அப்படி. என் வீட்டுக்காரர் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.

தங்கை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். முதுகுக்கு ரெண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். உறையைப் பிரிக்க அவளுக்குத் தெம்பில்லை, நானே பிரித்துக் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் தொடவில்லை, அழுக்காகிவிடும் என்று பயந்தவள் போல ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அழுதாள். பிள்ளை செத்த அன்றைக்கு அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்து அழுதாள். நானும் அழுதேன்.

"கண்ணு இவருதுக்கா. மூக்கும் இவருதுதான். வாயைப் பாரேன். அப்படியே நம்ம அம்மா வாய். அம்மா தூங்கும்போது இப்படித்தானே இருக்கும்?"

"ஆமாடா" என்றேன்.

மாப்பிள்ளை தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். "இங்க பாருங்க, உங்க பொண்ண" என்று அவள் படத்தை அவரிடம் நீட்டினாள். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு நாலு மணி வரை அந்த முகத்தை மடியில் வைத்திருந்தவர் அவர் ஒருத்தர்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இவதானேங்க?" என்று தங்கை கேட்டாள். அவர் முகத்தைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். "இப்படித்தானே இருந்தா?"

"இவதான்" என்றார் மாப்பிள்ளை. "இப்படியேதான் இருந்தா."

படத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அதில் ஒன்றையும் கழுவாமல் நின்றிருந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கோடு, துணி, வேறு பிள்ளையின் வாய், எதையும் மறைக்கவில்லை. அவர் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை.

"கீழ் உதடு உள்ள மடிஞ்சிருந்துதுக்கா" என்றார். "கோவிச்சுக்கிட்ட மாதிரி. இவளுக்குக் கோவம் வந்தா வருமே, அதே மாதிரி."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவர் குழாயை மூடிவிட்டு, "அவகிட்ட சொல்லிடாதீங்க. ஒருநாளும் சொல்லிடாதீங்க" என்றார்.

உள்ளே இருந்து தங்கை கூப்பிட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

"அக்கா, இதையே பெருசாப் போட்டுக் குடு. முகம் மட்டும் போதும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "போட்டுத் தரேன்னு சொல்லுங்கக்கா" என்றார்.

"போட்டுத் தரேன்டா" என்று குரல் கொடுத்தேன்.