மணலில் நின்ற மூச்சு

இளநீரில் நனைத்த துணியைப் புருஷன் மெல்கியின் உதட்டில் வைத்து யகோமினா மெல்லப் பிழிந்தாள். இதுவரை நாக்கு நுனியாவது வெளியே வந்து ஈரத்தைத் தேடும். இந்த முறை தண்ணீர் வாயோரமாக வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பிழிந்தாள். மறுபடியும் வழிந்தது.

மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். இந்தக் கடல்காற்றில் விரலுக்கு என்ன தெரியும்? மார்பில் கையை வைத்தாள். இன்ஜின் ஓடுகிற ஓட்டத்தில் படகின் பலகையோடு சேர்ந்து மார்பும் அதிர்ந்துகொண்டிருந்தது. அதை உயிர் என்று நம்பிக் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தாள். பிறகுதான் அவன் கண்ணைப் பார்த்தாள். பாதி திறந்திருந்த கண்ணில் வெயில் நேராக விழுந்தது. இமை அசையவில்லை.

அடிவயிற்றிலிருந்து ஓர் ஓலம் கிளம்பி வந்தது. கைலி நுனியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். ஊருக்கு இன்னும் இரண்டு மணி நேரம் போக வேண்டும்.

கடலில் செத்தவனை அவர்கள் ஊரில் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். படகிலிருந்து இறக்கி நேரே தெற்கு முனைக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுவார்கள். மூழ்கிச் செத்தாலும் சரி, காய்ச்சலில் செத்தாலும் சரி. போதகர் வந்து ஜெபம் செய்வார். அவரும் இந்த வழக்கத்துக்குக் குறுக்கே நிற்பதில்லை. மண்ணெல்லாம் ஒன்றுதானே, முனையில் புதைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். குறையும். அந்த ஊரில் யாரிடமும் பத்திரம் கிடையாது. ஒரு வீட்டு முற்றத்தில் கடைசியாகப் புதைக்கப்பட்டவர் யாரோ, அவருடைய பிள்ளைகளுக்குத்தான் அந்த வீடும் அதைச் சேர்ந்த தென்னைகளும். இப்போது மெல்கியின் முற்றத்தில் கடைசியாகக் கிடப்பது அவனுடைய அப்பா. மெல்கி முனைக்குப் போனால், அப்பாவுக்கு மிச்சமிருக்கும் ஒரே மகனுக்கு எல்லாம் போய்விடும். யகோமினாவும் இரண்டு பெண்களும் அவன் தயவில் இருக்க வேண்டியதுதான்.

அந்த மகன்தான் பின்னால் உட்கார்ந்து இன்ஜினைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சட்ராக், மெல்கிக்கு நான்கு வயது இளையவன். நாற்பது தென்னையில் யாருக்கு எத்தனை என்று தொடங்கிய பேச்சு அரிவாளைத் தூக்குகிற வரை போய், அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பெரிய தீவின் ஆஸ்பத்திரியில் இனி வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கப்பல் வர இன்னும் ஒன்பது நாள். துறைமுகத்தில் கொப்பரையை இறக்கிவிட்டு ஊருக்குத் திரும்ப நின்ற படகு சட்ராக்குடையது ஒன்றுதான். யகோமினா போய் நின்றபோது, அவன் காலிச் சாக்குகளை விரித்து இடம் செய்தான். மெல்கிக்கு அந்த நிலையிலும் வீறாப்பு குறையவில்லை. தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தான்.

"அண்ணி!" சட்ராக் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினான். "எப்படி இருக்காரு?"

"தூங்குறாரு தம்பி."

"குறட்டையைக் காணோமே. அவரு குறட்டை விட்டா இந்த இன்ஜினே பிச்சை வாங்கணும்."

"ஊசி போட்டாங்கல்ல, அதான்."

அவள் உள்ளங்கையால் மெல்கியின் இமைகளை இறக்கிவிட்டு, ஓலைத்தொப்பியை எடுத்து முகத்தில் கவிழ்த்தாள். கட்டின புருஷன் செத்துக் கால்மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் தென்னையை நினைக்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட முடியவில்லை. விட்டால் சட்ராக் பார்த்துவிடுவான். மெல்கியின் கையைத் தன் மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, வராத தூக்கத்துக்குத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டிக்கொண்டே வந்தாள்.

பாதி வழியில் இன்ஜின் இருமிவிட்டு நின்றது.

"எண்ணெய் தீந்துருச்சு," என்றான் சட்ராக். இன்னொரு கேன் மெல்கியின் காலடியில் இருந்தது.

கடல் திடீரென்று அமைதியாகிவிட்டது. பலகையில் அலை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்று பேர் இருக்கிற படகில் இரண்டு பேர் மூச்சுதான் கேட்கும் என்று யகோமினாவுக்கு உறைத்தது. அவசரமாகக் குனிந்து பேச ஆரம்பித்தாள்.

"ஏங்க, கொஞ்சம் இளநி குடிக்கிறீங்களா? வேண்டாமா? சரி, வீட்டுல போய்க் குடிக்கலாம். நம்ம மூத்தவ நோர்சி உங்களுக்குச் சவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி வச்சிருப்பா. அதையாவது முகம் சுளிக்காம குடிங்க."

சட்ராக் சாக்குகளைத் தாண்டி வந்து கேனைத் தூக்கினான். தூக்கும்போது அவன் மணிக்கட்டு அண்ணனின் பாதத்தில் இடித்தது. கேனைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பாதத்தைக் கையால் பிடித்தான். குதிகாலின் வெடிப்பைக் கட்டைவிரலால் தடவினான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. இனி அவன் உண்மையைச் சொன்னாலே போதும், நாற்பது தென்னையும் அவனுடையது.

அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் சட்டையைக் கழற்றி அண்ணனின் இரண்டு பாதங்களையும் மூடினான்.

"கால்ல வெயில் அடிக்குது," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேனோடு பின்னால் போனான். எண்ணெய் ஊற்றி முடித்த பிறகும் வெகுநேரம் இன்ஜின் கயிற்றை இழுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

ஊருக்கு முன்னால் பவளத்திட்டு இருக்கிறது. பிணம் ஏற்றி வரும் படகு அங்கேயே இன்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்பு போட்டுத்தான் வர வேண்டும். கரையில் இருப்பவர்கள் அதைப் பார்த்தே மண்வெட்டியோடு முனைக்குப் போய்விடுவார்கள். திட்டு நெருங்க நெருங்க யகோமினா இன்ஜினைப் பிடித்திருந்த சட்ராக்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேகம் குறைந்தது. அவள் மெல்கியின் கையை இறுக்கிப் பிடித்தாள். சட்ராக் கரையை ஒருமுறை பார்த்தான். பிறகு இன்ஜினை முழுசாகத் திருகினான். படகு எம்பிக் குதித்துத் திட்டைத் தாண்டியது. எழுந்த தண்ணீரில் மூன்று பேரும் தொப்பலாக நனைந்தார்கள்.

கரையில் கூட்டம் நின்றது. மூத்த மகள் நோர்சி இடுப்பளவு தண்ணீருக்குள் வந்துவிட்டாள். சட்ராக் குதித்து, அண்ணனை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டான்.

"தள்ளுங்க, தள்ளுங்க! மூச்சு வாங்குது அவருக்கு!"

ஈரமணலைத் தாண்டிக் காய்ந்த மணலில் கிடத்தி, தலையைத் தன் மடியில் ஏந்தினான். "அண்ணி, தண்ணி!" என்று அதட்டினான். அவள் கொடுத்தாள். வாயில் ஊற்றினான். குனிந்து அண்ணனின் வாயருகே காதை வைத்தான். அப்படியே வெகுநேரம் இருந்தான். நிமிர்ந்தபோது முகம் கோணியிருந்தது.

"இப்பத்தான்," என்றான். "இப்பத்தான் போச்சு."

நில வழக்குகளைத் தீர்க்கிற அப்னர் கிழவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குந்தி உட்கார்ந்து மெல்கியின் காலைத் தொட்டார்.

"சில்லுன்னு இருக்கேடா."

"கடல்தண்ணி பெரியப்பா. திட்டுக்கிட்ட மூணு பேரும் குளிச்சுட்டோம்."

"இவ்வளவு விறைப்பாவா இருக்கும்?"

"என்கிட்ட அவரு எப்பவும் விறைப்புதான்."

யாரோ சிரிக்கத் தொடங்கி அடக்கிக்கொண்டார்கள். கிழவர் சிரிக்கவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லு சட்ராக். நீ சொல்றதுதான் நிக்கும். மண்ணுல வச்சுத்தான் போச்சா?"

"என் மடியில வச்சுத்தான் போச்சு."

கிழவர் அவன் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லி லாபம் அடைகிறவன் உண்டு. பொய் சொல்லி நாற்பது தென்னையை விடுகிறவனிடம் என்ன விசாரிப்பது? அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப சரி. வீட்டுக்குத் தூக்குங்க. முற்றத்துல அப்பன் பக்கத்துலயே தோண்டச் சொல்லுங்க."

நோர்சி அப்பாவின் மேல் விழுந்து கதறினாள். பெண்கள் ஓலமிட்டார்கள். சட்ராக் யகோமினா பக்கம் சாய்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னான்.

"இனிமே அழலாம் அண்ணி."

அவள் வாயைத் திறந்தாள். இரண்டு மணி நேரம் அடக்கி அடக்கி வைத்தது எங்கேயோ சிக்கிக்கொண்டு வர மறுத்தது. வெறும் காற்றுதான் வந்தது. மெல்கியின் விரல்களைப் பிடித்திருந்த அவள் கையை மற்றவர்கள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்கள்.

நான்கு பேர் தூக்கினார்கள். தலைமாட்டைப் பிடித்தவன் சட்ராக். மரக்கால்கள்மேல் நிற்கிற அந்த வீட்டின் படி வரை வந்து, முதல் படியில் கால் வைக்காமல் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து வருஷமாக அவன் அந்தப் படியை மிதித்ததில்லை. செத்தவனுக்கு வாசலைத் திறந்துவிட்டவன், தான் ஏறலாமா என்று கேட்கத் தெரியாமல் நின்றான்.

யகோமினா முன்னால் போய்க் கதவை அகலத் தள்ளினாள்.

"வாசல் தாழ்வு தம்பி," என்றாள். "தலை இடிக்கும். குனிஞ்சு வாங்க."

அவன் குனிந்தான். உள்ளே போய், அண்ணனைப் பாயில் இறக்கிவைத்த பிறகும் நிமிரவில்லை.