பெரியவர் பெயர்

நான் பெர்மெட். ஆட்பாஷி வட்டாரத்தில் பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுப்பது என் வேலை. பதினோரு வருடமாகச் சாக்குப்போக்கு கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அதனால் கடன் கேட்ட புருல்சா ஒரு பெயரைச் சொல்ல மறுத்து உட்கார்ந்தபோது எனக்குச் சுர்ரென்று கோபம்தான் வந்தது.

குழுவில் ஐந்து பேர். ஒருத்திக்குக் கடன் இல்லை என்றால் ஐவருக்கும் இல்லை. புருல்சா ஒரு கறவைப் பசுவுக்கு விலை பேசி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குள் பணம் வராவிட்டால் அது வேறு கைக்குப் போய்விடும்.

தலைநகர் பிஷ்கெக் அலுவலகத்துப் பெண் ஃபோன் ஸ்பீக்கரில் புருல்சாவைக் கேட்டாள். "வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

"எங்க பெரியவர் பேர்ல."

"பேரு?"

"விறகு பிளக்கறோமே, அது."

"விளையாடறீங்களா அக்கா? பேரை மறைச்சா கடன் குடுக்க ஆபத்தான ஆள்னு பதிவாயிடும்."

புருல்சாவின் மாமனார் பெயர் பால்தாபாய். பால்தா என்றால் கோடரி. மருமகளாக வீட்டுக்கு வந்த பதினேழு வருடத்தில் அவர் பெயரை மட்டுமல்ல, கோடரி என்ற சொல்லையே அவள் சொன்னதில்லை.

மற்ற நால்வரையும் பார்த்தேன். "எங்களை ஏன் பாக்கறீங்க? நாங்களும் இந்த வம்சத்து மருமகளுங்கதான், அவர் பேரைச் சொல்லக்கூடாது," என்றாள் காலிச்சா. "மாமியாரைக் கேளுங்களேன், புருஷன் பேரை அவங்க சொல்லிட்டாலும்!"

சிரிப்பு வேறு!

"பால்தாபாய்! போதுமா?" என்று நானே கத்தினேன்.

"கடன் வாங்கறவங்கதான் சொல்லணும் மேடம்," என்றாள் பிஷ்கெக் பெண்.

"இங்க பாரு புருல்சா, அவரு மலையில ஆடுங்களோட இருக்காரு. நாங்களும் வெளிய போறோம். ஒரே ஒரு தடவை சொல்லிடு. ஈ காக்காய்க்குத் தெரியாது."

ஃபோனை அவள் கையில் கொடுத்துவிட்டு, மற்ற எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே திறந்தாள். கண் கலங்கியிருந்தது.

ஃபோனை வாங்கினேன். "சொன்னாளா?"

"இல்ல மேடம். நாலு நிமிஷம் பேச்சே இல்ல," என்றாள் பிஷ்கெக் பெண். அவள் குரலும் தணிந்திருந்தது.

"யாருக்கும் தெரியாதுன்னீங்க," என்றாள் புருல்சா. "எனக்குத் தெரியுமே அக்கா."

"அவருகிட்ட அவ்வளவு பயமாடி?"

"பயமா! பிரசவத்துல நான் பிழைக்க மாட்டேன்னாங்க. சவாரிக் குதிரையை வித்து என்னை நரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு. அவருக்கு நான் குடுக்கற மரியாதை இது ஒண்ணுதான். பசு போனா போகட்டும். இவங்க நாலு பேரை நினைச்சாத்தான் மனசு கேக்கல."

"எங்களை விடுடி," என்றாள் காலிச்சா.

இவளையா ஆபத்தான ஆள் என்று எழுதுவது? ஆளில்லாத அறையில்கூட நெறி தவறாதவளை நான் அதுவரை கண்டதில்லை.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. கடன் அதிகாரி தன் சம்பளத்தைப் பிணை வைத்து ஒருவருக்காகக் கையெழுத்துப் போடலாம்; போட்டால் ஃபோன் விசாரணை தேவையில்லை. பதினோரு வருடத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. அன்று போட்டேன்.

கடன் வாங்குபவர் கையெழுத்திடுமுன் முழுவதையும் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. படித்தேன். தொகை, தவணை, பசு. சற்று முன் தெருவுக்கே கேட்க நான் கத்திய அந்தப் பெயர் வந்தது.

"வீட்டு உரிமையாளர்," என்று படித்தேன், "எங்கள் பெரியவர்."