சம உபயம்

"பிள்ளை பிழையாக் கொழுவிப்போட்டுது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று நிர்வாகசபைத் தலைவர் பரமலிங்கம் ஒலிவாங்கியில் சொன்னபோது ஷெரோனுக்குக் காது இரண்டும் சுட்டன. திறப்புவிழாவுக்கு வந்து கதிரைகளில் முந்நூறு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பி, சுவிச்சுப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்த அவளைப் பார்த்தார்கள். கடற்கரையூரான குருநகரிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்த கணினி வலையமைப்புக்காரி அவள். சொந்தமாகத் தொழில் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. இந்த வைத்தியசாலை கொடுக்கும் நற்சான்றுக் கடிதத்தைக் காட்டித்தான் அடுத்த வேலையைப் பிடிக்க வேண்டும். இணைப்புக் கொழுவத் தெரியாதவள் என்று பெயர் வந்துவிட்டால் பிறகு யார் கூப்பிடப் போகிறார்கள்?

அளவெட்டிக்குக் கிட்ட, ஊர்ச்சனமும் வெளிநாட்டுச் சனமும் சேர்ந்து நடத்துகிற வைத்தியசாலை அது. டொக்டர் இருப்பது இங்கே. புதிய ஸ்கேன் கட்டடம் இருப்பது ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி, யாரோ தர்மத்துக்குக் கொடுத்த காணியில். அங்கே எடுக்கும் படம் நிலத்துக்குக் கீழே போகும் கண்ணாடி நார் வழியாக இங்கே வர வேண்டும். தாட்டது இரண்டு நார். வாய்க்கால் வெட்டியவர்கள் ஒன்றை அறுத்துவிட்டார்கள். மிஞ்சியது ஒன்று.

நாரின் இரண்டு முனையிலும் பெருவிரல் அளவில் ஒவ்வொரு மொடியூல் செருக வேண்டும். மின்சாரமாக வரும் செய்தியை ஒளியாக்கி அனுப்புவதும், வருகிற ஒளியைத் திரும்ப மின்சாரமாக்குவதும் அதுதான். எந்த வகை நல்லது என்று ஒப்பிட்டு எழுதித் தரும்படி நிர்வாகசபை கேட்டது. ஷெரோன் இரண்டு நாள் இருந்து எழுதிக் கொடுத்தாள். முதல் வகை மலிவு, ஆனால் சில நூறு மீற்றரோடு ஒளி களைத்துவிடும். இரண்டாவது பத்துக் கிலோமீற்றர் ஓடும், ஆனால் போக ஒரு நார், வர ஒரு நார் வேண்டும். மூன்றாவது ஒரே நாரில் போகவும் வரவும் செய்யும், ஆனால் அது சோடி. நீலப் பிடி உள்ளது ஒரு வகை ஒளியில் பேசி மற்ற வகை ஒளியைக் கேட்கும்; மஞ்சள் பிடி உள்ளது அதற்கு நேர்மாறு. கீழே சிவப்பு மையால் எழுதினாள்: ஒரு முனைக்கு நீலம், மறுமுனைக்கு மஞ்சள்; இரண்டும் ஒரே நிறமானால் இரண்டும் பேசும், ஒன்றுக்கும் கேட்காது.

இதைவிட எப்படி ஐயா விளக்கமாக எழுதுவது?

சபை மூன்றாவதைத் தெரிவு செய்தது. அதோடு நின்றிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. திருவிழா உபயம் மாதிரி மொடியூலையும் பங்கு பிரித்தார்கள். ஒன்று கனடாக் கிளைக்கு, ஒன்று லண்டன் கிளைக்கு. அட்டவணையில் மஞ்சளின் விலை நீலத்தைவிடச் சற்றுக் கூட. கனடா மஞ்சளைப் பிடித்துக்கொண்டது. லண்டன் விடுமா? ஐந்தாம் திருவிழாக்காரன் ஒரு கூட்டு மேளம் பிடித்தால் ஆறாம் திருவிழாக்காரன் இரண்டு கூட்டுப் பிடிக்கிற ஊர் இது. தாங்கள் என்ன குறைந்த ஆட்களோ என்று கேட்டார்கள். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் கோப்புப் பார்த்து ஓய்வுபெற்ற பரமலிங்கம், இரண்டு பகுதியையும் சமாளிக்க, இரண்டும் மஞ்சளாகவே இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ஷெரோனிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

பெட்டிகள் பயணப்பையில் வந்து இறங்கி, நேரே சாமிப் படத்துக்கு முன்னால் கும்பத்துக்குப் பக்கத்தில் ஏறின. சந்தனமும் பூவும் வைத்தாயிற்று. திறந்து பார்க்க வேண்டும் என்று அவள் மூன்று தரம் கேட்டாள். சுபநேரத்துக்கு முதல் தொடக்கூடாது என்று மூன்று தரமும் மறுத்தார்கள்.

இன்று காலை ஸ்கேன் கட்டடத்தில் கனடாப் பெட்டியைத் திறந்து மஞ்சளைச் செருகிவிட்டு, மோட்டார் சைக்கிளில் இங்கே ஓடிவந்து லண்டன் பெட்டியைத் திறந்தாள். அதுவும் மஞ்சள். பரமலிங்கத்தின் காதருகே போய், இரண்டும் ஒன்று, வேலை செய்யாது என்றாள். நேரம் போகிறது, கொழுவு என்றார் அவர். கொழுவினாள். விளக்கு எரியவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த மனிசன் ஒலிவாங்கியைப் பிடித்து அவள் தலையில் பழியைப் போட்டார். தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். தெரிந்துகொண்டே சொன்னார்.

சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அந்தப் பக்கம் வயிற்றுக்குத்தோடு வந்த ஒரு தோட்டக்காரி ஸ்கேன் கட்டிலில் படுத்திருந்தாள். அவள் என்ன பாவம் செய்தாள்? சோதனைக்கென்று வைத்திருந்த தன் சோடியில் நீலத்தை எடுத்து, லண்டன் மஞ்சளைக் கழற்றிவிட்டுச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. டொக்டரின் திரையில் படம் வந்தது. சனம் கைதட்டியது. பரமலிங்கம் பிழை திருத்தப்பட்டுவிட்டதாக அறிவித்து, அந்தக் கைதட்டலையும் தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் லண்டன் கிளை ஜெயசுதன், தன்னுடைய மஞ்சள் அவளுடைய உள்ளங்கையில் கிடப்பதைக் கண்டார். தங்களுடையதைக் கழற்றிவிட்டுக் கனடாவின் சாமானை மட்டும் ஓட விட்டிருக்கிறது என்று குதித்தார். அடுத்த கட்டடத்துக்கு லண்டனிலிருந்து செங்கல்லும் வராது என்றார்.

பரமலிங்கம் அவளை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். கனடாவினுடையதையும் கழற்றிவிட வேண்டும். இரண்டு முனைக்கும் அவளுடைய சோடியே இருக்கட்டும். உபயம் இரண்டையும் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பெயர் எழுதிவிட்டால் சமமாகிவிடும்.

ஷெரோனுக்குச் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை.

"வேலை செய்யிற இணைப்பிலை நான் கை வைக்கிறதெண்டால் எழுத்திலை வேணும், ஐயா. ஏன் கழட்டிறம் எண்ட காரணத்தோடை."

அவர் 'தொழில்நுட்பக் காரணம்' என்று எழுதினார். அப்படி ஒன்று இல்லை என்று அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். 'பொருத்துநரின் தவறு காரணமாக' என்று எழுதினார். அவள் தலைக்கவசத்தை எடுத்து மாட்டினாள். ஜெயசுதனின் குரல் பந்தலில் இன்னும் உயர்ந்தது. மூன்றாவது தாளில்தான் வியர்த்து வியர்த்து உண்மையை எழுதி, கையெழுத்தும் வைத்து, முத்திரையும் குத்தினார்.

தோட்டக்காரியின் படங்கள் எல்லாம் வந்து முடிந்த பிறகு, ஷெரோன் ஸ்கேன் கட்டடத்துக்குப் போய்க் கனடா மஞ்சளைக் கழற்றித் தன் மஞ்சளைச் செருகினாள். ஐந்து நிமிட வேலை.

திரும்பி வந்து மரத்தடியில் நின்று கடிதத்தை வாசித்தாள். கேட்டதெல்லாம் அதில் இருந்தது. ஆனாலும் நெஞ்செரிவு அடங்கவில்லை. அவளுக்குச் செய்த அநியாயத்துக்காக அந்த மனிசன் உண்மையை எழுதவில்லை. இரண்டு உபயகாரரின் மூக்கைச் சமமாக வைக்க எழுதினார். பொய்யோ முந்நூறு பேருடைய காதிலும் ஏறிவிட்டது. சாப்பாடு முடிய அது முந்நூறு வீட்டுக்கும் போய்விடும்.

பந்தலில் இலை போட்டுச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஷெரோன் நேரே நடுவுக்குப் போனாள். கடற்கரையில் வளர்ந்த குரல், ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ. தலைவர் ஐயா ஒரு கடிதம் எழுதித் தந்திருக்கிறார்."

பரமலிங்கம் கையில் பிசைந்த சோற்றோடு எழும்பினார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே முதல் வரிகளை வாசித்தாள்.

"இரண்டு மொடியூலும் ஒரே நிறமாக வாங்கப்பட்டது என்னுடைய தீர்மானம். அது வேலை செய்யாது என்று பொருத்துநர் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்திருந்தார். பொருத்தியதில் ஒரு பிழையும் இல்லை."