ஜெபக்கூட்டமும் மாடிக் குழாயும்

எங்கள் ஹாலின் மூலையில்தான் மாடி பாத்ரூமின் கழிவுக் குழாய் இறங்குகிறது. வீடு கட்டும்போதே வெளிச்சுவரில் விடச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தனராஜ் என் பேச்சைக் கேட்டால்தானே.

சனிக்கிழமை சாயங்காலம் சித்தூர் சபையார் அந்த ஹாலில் ஜெபக்கூட்டத்துக்கு உட்காருவார்கள். மூப்பர் இஸ்ரேல் ஐயா ஜெபிக்க ஆரம்பித்தால் தெருமுனை வரை கேட்கும். சரியாக அந்த நேரம் பார்த்து மாடியில் மருமகள் சுஜிதா தண்ணீரைத் திறந்துவிடுவாள். குழாய் தடதடவென்று அதிரும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்காத மாதிரி இருப்பார்கள்.

சுஜிதாவுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. மகன் ஆசிரும் இவரும் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது, அவள் தாங்கமாட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு அவள் கூட்டத்துக்கு இறங்குவதே இல்லை. எங்களை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

"ஜெபத்துக்குக்கூட மரியாத இல்லியா?" என்று இவர் குமைந்தார்.

"அவள இன்னாத்துக்கு சொல்றீங்க? குழாய உள்ள வெச்சது யாரு?" என்றேன்.

பிளம்பர் மணிவேல் வந்தார். குழாயை இறுக்கியிருந்த கிளாம்புகளைத் தளர்த்தி ரப்பர் வைத்தார். கனமான ஃபோம் சுற்றிப் பலகை அடித்து மூடினார். மாடிக்குத் தண்ணீர் போகும் வால்வையும் பாதி திருகி மூடினார். மாடி பக்கெட்டில் தண்ணீர் நூல் மாதிரி சத்தமில்லாமல் விழுந்தது. என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஹால் அமைதியாக இருந்தது. இஸ்ரேல் ஐயா வழக்கம்போல, "பிள்ளையில்லாத எங்கள் சகோதரி சுஜிதாவின் கர்ப்பத்தை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று குரல் உயர்த்தினார். நாங்களும் ஆமென் சொன்னோம்.

சுஜிதா படியிறங்கி வந்தாள். எனக்கு முதலில் சந்தோஷம்தான். நகர்ந்து பாயில் இடம் விட்டேன். அவள் உட்காரவில்லை.

"ஐயா, இத காதுல வாங்கக்கூடாதுன்னுதான் வாராவாரம் தண்ணி தெறந்து வுட்டுக்கினு இருந்தேன்," என்றாள். குரல் உயரவே இல்லை. "இன்னிக்கு எல்லாம் கேட்டுச்சு. எனக்குப் புள்ள இல்லாம இல்ல. பொறந்துது. பொம்பளப் புள்ள. அபிகாயில்னு பேர் வெச்சேன். அந்தப் பேர சொல்லி ஒருதடவ ஜெபம் பண்ணுங்க, போதும்."

அந்தக் குழந்தைக்குப் பெயர் இருந்ததே எனக்குத் தெரியாது. ஆசிர் முகத்தைப் பார்த்தேன், அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இஸ்ரேல் ஐயா பைபிளை மூடி மடியில் வைத்தார். "செத்தவங்களுக்காக நம்ம சபையில ஜெபம் பண்றதில்லியேம்மா," என்றார். சபை முறையைப் பேச மனுஷருக்கு அந்த நேரம்தான் கிடைத்தது.

"சரிங்கையா," என்று சொல்லிவிட்டு சுஜிதா மேலே போனாள். அடுத்த மாதமே ஆசிர் அவளைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குக் குடிபோய்விட்டான்.